சுயேச்சை மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மச்சான் அருள்முருகன் அவர்களுக்கு,

ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து உங்கள் அக்கா வீட்டுக்காரன் நாகலிங்கம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள் கொண்டுவந்த அமெரிக்கச் சம்பந்தத்துக்குப் பிறகு இரண்டும் போய்விட்டது. போனில் சொன்னால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால், நாளை லீவில் வரும் ராஜிக் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் பெண் ஜோதிமணிக்கு அந்த வரன் வேண்டாம்.

நடந்தது இதுதான். நியூஜெர்சி மாப்பிள்ளை இளம்பரிதியுடன் முதல்முறை வீடியோவில் பேசியபோது வேறென்ன கேட்பதென்று தெரியாமல், அமெரிக்கப் பிரஜையாகி ஓட்டுரிமையும் வாங்கிவிட்டீர்களாமே, எந்தக் கட்சி என்று கேட்டுவைத்தேன். இண்டிபெண்டென்ட் என்றார். அப்படியென்றால் என்ன என்று ரூமில் வந்து கேட்டேன். சுயேச்சை என்றார்கள். எனக்குப் பகீர் என்றது மச்சான். நம் ஊரில் சுயேச்சையாக நின்றவன் எவன் உருப்பட்டிருக்கிறான்? பெண்டாட்டி நகையை விற்று நோட்டீஸ் அடித்து, எண்ணும்போது பார்த்தால் பெண்டாட்டி ஓட்டே விழுந்திருக்காது.

ரூமிலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. எங்கள் ரூமில் யாருக்கும் அமெரிக்காவில் ஓட்டுக் கிடையாது, ஆனால் ஆளுக்கொரு கட்சி. அங்கே நீலம், சிவப்பு என்று இரண்டு பெரிய கட்சிகளாம். யாழ்ப்பாணத்து வல்லிபுரம் அண்ணர் நீலக் கட்சி. எந்தத் தேர்தலிலும் அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள், எண்ணுகிறவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை என்பார். திருவாரூர் விஜயபாஸ்கர் ஊரில் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர், அதனால் சிவப்புக் கட்சி. அங்கே சிவப்புதான் முதலாளிமார் கட்சி என்று அண்ணர் சொன்னதற்கு, செவப்புக் கொடி புடிச்சவன் அப்படியெல்லாம் போவமாட்டான் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. இப்போது இருவருமே என் மாப்பிள்ளையைத் தங்கள் ஆள் என்கிறார்கள்.

“தம்பி வெக்கத்திலை அப்பிடிச் சொல்லுறார். உள்ளுக்கை நீலம்தான்,” என்கிறார் அண்ணர். மாப்பிள்ளை நெற்றியைப் பார்த்தாலே சிவப்பு தெரிகிறது என்கிறார் விஜயபாஸ்கர். அது குங்குமம் என்றேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

சரி, நேரடியாகவே விசாரித்துவிடுவோம் என்று நேற்று மறுபடி கூப்பிட்டு, மரியாதை கெடாமல், தம்பி டெபாசிட் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்றேன். அவர் ஒளிவுமறைவில்லாமல், “அது போன வருஷமே போச்சு அங்கிள்,” என்றார். மேற்கொண்டு வாடகை, சுவர், ஆணி அடித்தது என்று ஏதோ சொன்னார், வழக்கம்போல் லைன் கட்டாகிவிட்டது. ஆக, வாடகைக்குச் சுவர் பிடித்து விளம்பரம், ஆணி அடித்துத் தட்டி போர்டு, எல்லாம் செய்தும் டெபாசிட் காலி. நான் இருபது வருஷமாக வெயிலில் காய்வது ஒரே பெண்ணுக்காக. அவள் அந்த நியூஜெர்சிக் குளிரில் கைகூப்பிக்கொண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்பதை நினைத்தால் எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி நாசூக்காக முடித்துவிடுங்கள். இங்கே அரபிக்காரர்கள் சொல்வதுபோல் கலாஸ், கதை முடிந்தது.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் எல்லா நலமும் பெருக அந்த முருகன் அருளட்டும். தங்கச்சி சுசீலாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவா
நாகலிங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஜோதிமணி போன் செய்தாள். என்னப்பா அவர்கிட்ட டெபாசிட் கேட்டீங்களாமே, வாடகை வீட்டு டெபாசிட்டப் பத்தி உங்களுக்கென்ன என்று ஒரு பிடி பிடித்தாள். சுயேச்சை விஷயத்தைச் சொன்னேன். போனில் விக்கல்போல் ஒரு சத்தம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, “யார் சொன்னாலும் கேக்காம தானா முடிவு பண்றவங்கதான்ப்பா சுயேச்சை. நானும் அப்படித்தான். அவருக்கு நேத்தே சரின்னு சொல்லிட்டேன்,” என்றாள். பெண் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை மச்சான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, நல்ல நாள் பார்த்துப் பத்திரிகை அடிக்கக் கொடுங்கள். அதற்குமுன் ஒன்றே ஒன்று மட்டும் நாசூக்காக விசாரிக்கவும். யானையையும் கழுதையையும் அங்கே பெரிய கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். நம் மாப்பிள்ளைக்கு என்ன சின்னம்?