சீனு ஆபத்தில்லாதவன் என்று ஒரு சான்றிதழ் வேண்டி

கூகட்பள்ளி, ஹைதராபாத்
12.8.2009

மரியாதைக்குரிய மச்சான் டாக்டர் சம்பந்தம் அவர்களுக்கு நடேசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை வேதவல்லி, சீனு மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் கமலம் அக்காவின் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்கின்றன என்று நம்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் கடிதம்.

போன மாதம் சீனு படிக்கும் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவன் மண்டையில் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்துவிட்டான். பதினொரு தையல். அந்தப் பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். பயந்துபோன கரஸ்பாண்டெண்ட் பெற்றோர் கமிட்டியைக் கூட்டி, இனி அடிக்கக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டும் என்றார். கவுன்சிலராக வந்திருக்கும் ரோஸ்லின் என்ற பெண் எழுந்து, அது முடியாது என்றாள். "நடந்தப்புறம் திரும்பிப் பார்த்தா எல்லாமே அறிகுறியாத்தான் சார் தெரியும். முன்னாடியே பார்த்தா அதே அறிகுறியோட நூறு பிள்ளைங்க இருப்பாங்க, ஒருத்தனும் ஒண்ணும் செய்ய மாட்டான்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக, வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடித்து சாக்பீஸால் பெருக்கல் குறி போடுகிறவன் நான். இரும்பில் முடிவது பிள்ளையில் முடியாதா என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது கேள்வியில் பரிசோதனைத் தாள் தயார் பண்ணிக் கொடுத்தேன். கேள்விக்கு ஒரு மார்க், பதினைந்தைத் தாண்டினால் ரிஜெக்ட். சால்வை போட்டார்கள் மச்சான்.

தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானா, நோட்டின் கடைசிப் பக்கத்தில் துப்பாக்கி வரைகிறானா, கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டு ஆடுகிறானா, ஒரு பாஷையில் கேட்டால் வேறு பாஷையில் பதில் சொல்றானா, பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் திரும்பறானா, இந்த மாதிரி. வீட்டு விஷயங்களுக்குப் பெற்றோர் பதில் எழுத வேண்டும், நானும் நேர்மையாக எழுதினேன். எழுநூறு பிள்ளைகளுக்கும் கணக்குப் போட்டார்கள். ஸ்டம்பால் அடித்தவனுக்கு இரண்டே மார்க். அவன் பேச்சுப் போட்டியில் கப் வாங்கினவன், எல்லா டீச்சருக்கும் குட்மார்னிங் சொல்கிறவன். பதினைந்தைத் தாண்டியது ஒரே ஒருத்தன், பதினேழு மார்க், நம்ம சீனு.

கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுகிறவன் அவன். இப்போது அவன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. தினமும் பையைச் சோதிக்கிறார்கள். காம்பஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் கணக்குப் பரீட்சையில் டிபன் மூடியை வைத்து வட்டம் போட்டிருக்கிறான். முன்னே தனியாகச் சாப்பிட்டவன் இப்போ சாப்பிடறதே இல்லை, டப்பா அப்படியே திரும்பி வருது. வேதவல்லி நேற்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த இருபதையும் எங்கேருந்து எடுத்தீங்க?" யோசித்துப் பார்த்தேன். அந்த வயசில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தன்தான். அவனிடம் எனக்குப் புரியாததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் மனநல மருத்துவர் சான்றிதழ் வராவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம். ஒருவன் யாரையும் அடிக்கவே மாட்டான் என்று எந்த நேர்மையான டாக்டரும் எழுத முடியாது என்று ரோஸ்லின் சொல்கிறாள். தெரியும். ஆனாலும் நீங்கள் மனநல மருத்துவர், அவனுக்குத் தாய்மாமன். "இவன் ஆபத்தில்லாதவன்" என்று இரண்டு வரி எழுதி, சீல் வைத்துக் கூரியரில் அனுப்பினால் இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். கை நீட்டுகிற சுபாவம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

நெல்லையப்பர் உங்கள் வீட்டில் எல்லாரையும் நன்றாக வைக்கட்டும். அக்காவுக்கு எங்கள் வணக்கம், வர்ஷினிக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நடேசன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கும் முன், இன்று காலை சீனுவைக் கொண்டுபோய் விடப் பள்ளிக்கூடம் போனேன். கரஸ்பாண்டெண்ட் பிரேயர் வரிசைக்கு முன்னால் அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். அவனும் கொட்டினான். அதன் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் மூக்கில் ரத்தம் வந்தது, என் கை வலித்தது. சீனுதான் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "வத்து நான்னா, இன்ட்டிக்கி போதாம்" என்றான். வேண்டாம்ப்பா, வீட்டுக்குப் போகலாம் என்கிறான். ஆட்டோவில் வரும்போது என் தாளை எனக்கே போட்டுப் பார்த்தேன். இருபதுக்கு ஒன்று. ஆகவே சீனுவுக்குச் சான்றிதழ் வேண்டாம், வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறோம். அந்த இரண்டு வரியை என் பெயருக்கு எழுதி அனுப்புங்கள், ஸ்டேஷனில் கேட்கிறார்கள். வயது ஐம்பத்திரண்டு.