அரமேந்தியாரின் வசதியான கை

அரமேந்தி இனத்தாரைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்படவே வேண்டாம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அரம் எட்டிப் பார்க்கும். வீட்டில் மரம் அறுக்கச் சங்கிலி ரம்பம் ஒன்று வைத்திருப்பார். அதை அவரேதான் தீட்டுவார். கடையில் கொடுத்துத் தீட்டினால் என்ன என்று வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்களா என்று எகிறுவார்.

அவர் தீட்டும் அழகே அழகு! ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு பல்லை ராவி, ஊதி, கட்டைவிரல் நகத்தில் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் காட்டி, “ம்ம்” என்று தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டு, தெருவோடு போகிறவரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அடுத்த பல்லுக்குப் போவார். குறை சொல்ல முடியுமா? முடியும். சங்கிலியில் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி இருக்கும். இவர் வலது பக்கத்தை மட்டும்தான் ராவுவார். அந்தப் பக்கம்தான் கைக்கு வசதி.

போன வாரம் தரையோடு ஒட்டி அறுக்கப் போய் ரம்பம் கல்லில் உரசியது. இடது பக்கப் பற்கள் மொட்டை. நம்மவர் என்ன செய்தார்? உடனே உட்கார்ந்து வலது பக்கத்தை இன்னும் நன்றாகத் தீட்டினார்.

அப்புறம்தான் ஒரு ராத்திரி பெருங்காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் வாசல் கேட்டுக்குக் குறுக்கே மரம். உள்ளே மச்சினனின் வேன். ஒரு வருடம் வேலையில்லாமல் அக்கா வீட்டுச் சாப்பாட்டைத் தலைகுனிந்து சாப்பிட்டவனுக்கு அன்றுதான் சரக்கு ஏற்றும் வேலையில் முதல் நாள். வேனோடு நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பாவம், அவன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றான்.

அரமேந்தியார் ரம்பத்தை உறும விட்டார். அது மரத்துக்குள் நேராக இறங்கி, கொஞ்ச தூரத்தில் மனசு மாறி, வலப்பக்கம் வளைந்து, பிறை நிலா போட்டு, நடுவில் சிக்கிக்கொண்டது. முதலில் மரம் முறுக்கு மரம் என்றார். பிறகு எண்ணெய் சரியில்லை என்றார், தரை சரிவு என்றார். கடைசியில் மச்சினனையே பிடித்துக்கொண்டார்.

“நீ அந்தப் பக்கம் நிக்கிறதாலதான் அப்படி இழுக்குது. இந்தப் பக்கம் வா.”

அவனும் போய் நின்றான்! வேலை வேண்டுமே. ரம்பம் அப்போதும் அசையவில்லை. அவனே கடப்பாரை போட்டு நெம்பி அதை வெளியே எடுத்தான். சட்டையின் மடிப்பு போயிற்று, முகக்களையும் போயிற்று.

அதற்குமேல் அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் இடதுகைக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையால் எதையும் தொடாதே என்று கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். சங்கிலியைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, இந்தப் பக்கத்துக்கு அரமே காட்டலையா?”

“அது கெட்டுப்போன பக்கம்.”

“அதுக்குத்தானே அரம்?”

அவர் பையிலிருந்து அரத்தை உருவினாள். அந்தத் தொடக்கூடாத கையாலேயே இடது பற்கள் ஒவ்வொன்றையும் ராவிக் கூராக்கி, வலது பற்களின் அளவுக்குக் கொண்டுவந்தாள். ஊதவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. ரம்பம் மரத்தில் சமர்த்தாக, நேராக இறங்கியது. மச்சினன் துண்டுகளை உருட்டித் தள்ளிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு பறந்தான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், கவலைப்படாதீர்கள்.

அரமேந்தியார் மரத்தின் அறுபட்ட பரப்பைத் தடவிப் பார்த்தார். “பாத்தியா, நான் தீட்டுனது இப்பத்தான் வேலை செய்யுது.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வந்தது? மாமனாரா? மேலதிகாரியா? மாடி வீட்டுக்காரரா? எல்லாரையும் ஒரு ராவு ராவியிருப்பீர்கள். உங்கள் முகம் ஒரு தடவையாவது வந்ததா?

எப்படி வரும்? அந்தப் பக்கம் கைக்கு வசதியில்லையே.