ரெண்டுக்கும் ஒரே வண்டி

பைக் வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டார் கறார். லேசுப்பட்ட முடிவில்லை. சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டி, தண்ணீர் டம்ளர் துள்ளிக் கவிழ்ந்து, மடியெல்லாம் நனைந்து, அந்த ஈரத்தோடேயே எழுந்து நின்று எடுத்த முடிவு.

"தூரமா போகணும்னாலும் போகணும். சும்மா ஜாலியா சுத்தணும்னாலும் சுத்தணும். ரெண்டுக்கும் ஒரே வண்டி. வாங்கறேன்!"

அவர் வீட்டுக்காரி மடியில், யாரோ ஆர்டர் கொடுத்த திரைச்சீலை பாதி தைத்தபடி கிடந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வாங்குங்களேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கறார் கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

கறார் என்பது ஊர் வைத்த பெயர். மூடுகிற ஆபீஸ்களில் இருந்து மேசை, நாற்காலி, இரும்பு அலமாரிகளை வாங்கி, துடைத்து, வர்ணம் அடித்து, திறக்கிற ஆபீஸ்களுக்கு விற்பது அவர் தொழில். கால் உடைந்த ஒரே ஒரு நாற்காலியைத் தலையில் சுமந்து ஆரம்பித்தவர். பேரம் பேசாமல் அவர் உள்ளே இழுத்தது மூச்சுக்காற்று ஒன்றைத்தான். பள்ளிக்கூடம் அவருக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஏமாற்றியவர்கள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களிடம் பட்டுப் பட்டுக் கற்றதில் இருந்து வியாபாரத்துக்கு ஒரு விதி செய்து வைத்திருந்தார். எந்தச் சாமானைக் காட்டும்போது எதிராளியின் முகம் மலர்கிறதோ, அதைத் தொடக்கூடாது. எதை அவன் உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறானோ, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டில் "வாங்குங்களேன்" என்று ஒரு பதில் வந்தால் எப்படி இருக்கும்? மெத்தை மாற்றுவதற்கே வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவள் இவள். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முகச் சுளிப்புகூட இல்லை. இதில் ஏதோ இருக்கிறது.

என்ன இருக்கும் என்பதும் அவருக்கு உடனே உறைத்தது. கூட வரப் பார்க்கிறாள்!

அதுதான் கூடாது. அவர் கிடங்கின் பின்பக்க ஜன்னலில் இருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு மலை நீலமாகத் தெரியும். அலமாரி தூக்கி இடுப்பு ஒடிகிற போதெல்லாம் அதைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு அங்கே தனியாகப் போக வேண்டும். ஒரு பாறையில் உட்கார வேண்டும். யாரும் விலை கேட்கக்கூடாது. யாரும் "என்னங்க" என்று கூப்பிடக்கூடாது. வாழ்க்கையில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றைத்தான்.

"இந்தா, நல்லாக் கேட்டுக்கோ," என்றார். "ரெண்டுக்கும்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும்னு சொல்லலை."

"கேட்டுது."

"பின் சீட்டுல ஏறிக்கலாம்னு மனசுல ஏதாவது நெனப்பு இருந்தா இப்பவே இறக்கி வச்சிரு."

"சத்தியமா பின் சீட்டுல உக்கார மாட்டேங்க. எனக்கெதுக்குங்க பின் சீட்டு?"

இவ்வளவு தாராளமாகச் சத்தியம் பண்ணினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மறுநாள் காலையில் இன்னொரு கூத்து. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் டேப். கறார் மதில் ஓரமாகப் பூனை மாதிரி நடந்து போய்ப் பின்னால் நின்றார்.

"என்ன அளக்கறே?"

அவள் திடுக்கிடவில்லை. அதுவே அவருக்கு எரிச்சல்.

"நீங்க வாங்கற வண்டிக்குச் சீட்டு உறை தைக்கலாம்னு ஒரு யோசனை."

"சீட்டு உறைக்கு எதுக்குடி தரையிலேருந்து சீட்டு வரைக்கும் அளக்கணும்?"

"தூசி எவ்வளவு உயரம் எழும்பும்னு ஒரு கணக்கு வேணாமா?"

தூசிக்கு டேப் வைத்து அளக்கிறவளை உலகத்தில் எவனாவது பார்த்ததுண்டா? கறார் அவளை முறைத்தார். அவள் டேப்பைச் சுருட்டி, போகிற போக்கில் தன் இடுப்பில் இருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டேப் முறுக்கிக்கொண்டது போலிருக்கிறது, சரி பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஓர் இடத்தில்தான்.

வண்டிக் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அன்பினால் அல்ல. எந்த வண்டியைப் பார்த்து அவள் முகம் மலர்கிறது என்று கண்டுபிடிக்க.

கழுத்தை இறுக்கி டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார்.

"வாங்க சார். என்ன மாதிரி வண்டி பாக்கறீங்க?"

"தூரமும் போகணும். ஜாலியாவும் ஓட்டணும்."

"ரெண்டும் வேணும்னா இதுதான் சார்," என்று டைக்காரர் ஒரு நெடிய வண்டியிடம் கூட்டிப் போனார். ஒட்டகம் மாதிரி நின்றது. முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி. பெரிய டேங்க். பள்ளத்தில் விழுந்தாலும் இடுப்புக்குச் செய்தி போகாத ஸ்பிரிங்.

கறார் ஏறி உட்கார்ந்தார். அவரே ஒரு நெட்டை. கால் இரண்டும் தரையில் அழகாக ஊன்றின. முதுகு தானாக நிமிர்ந்தது. கை போய் ஹேண்டில்பாரில் உட்கார்ந்த இடம், அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கணம் கடைச் சுவரே மறைந்து நீல மலை தெரிந்தது.

"அடேயப்பா!" என்றாள் வீட்டுக்காரி. "என்ன கம்பீரம்! உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேங்க. இதையே எடுத்துருங்க!"

திரும்பிப் பார்த்தார். அவள் முகம் மலர்ந்திருந்தது. டைக்காரர் முகமும் மலர்ந்திருந்தது. ரெண்டு முகம் ஒரே நேரத்தில் மலர்ந்தால் என்ன அர்த்தம்? கூட்டு! மலை பட்டென்று மறைந்து போய்ச் சுவர் திரும்பி வந்தது. பின்னால் பார்த்தார். பின் சீட்டு சோபா மாதிரி அகலமாக இருந்தது. ஓகோ, விஷயம் அப்படிப் போகிறதா?

"வேணாம்," என்று இறங்கினார்.

அடுத்தது பந்தய வண்டி. அதில் உட்கார முடியாது, கவிழ்ந்துதான் படுக்க வேண்டும். கறார் சுவர்ப் பல்லி மாதிரி டேங்க் மேல் ஒட்டிக்கொண்டார்.

"இதுல பத்து வயசு குறைஞ்சு தெரியறீங்க!" என்று அவள் கைதட்டினாள்.

"இடுப்புல பத்து வயசு கூடிப் போச்சு," என்று முனகிக்கொண்டு, டைக்காரர் தோளைப் பிடித்து இறங்கினார்.

அப்போதுதான் கவனித்தார். வீட்டுக்காரி ஒரு மூலையில் போய் நின்றுகொண்டிருந்தாள். சும்மா நிற்கவில்லை. கைப்பையை அகலமாகப் பிடித்துக்கொண்டு எதையோ மறைத்த மாதிரி நின்றாள்.

கறாரின் மூக்கு விடைத்தது. இத்தனை வருஷ வியாபாரம் அவருக்குள் எழுந்து உட்கார்ந்தது.

"நகரு."

"இங்க ஒண்ணுமில்லீங்க."

"நகருன்னா நகரு!"

நகர்ந்தாள். பின்னால் ஒரு அடக்கமான வண்டி. தாழ்ந்த சீட்டு. ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. தூரத்துக்கும் ஓடும், தெருவுக்கும் வளையும் என்கிற மாதிரி ஒரு தோற்றம்.

"ஐயே, இதுவா? வேணாங்க," என்று முகத்தைச் சுளித்தாள்.

"ஏன் வேணாம்?"

"குள்ளமா இருக்கு. கனமும் இல்லை. யார் வேணும்னாலும் ஓட்டிட்டுப் போயிரலாம் போல இருக்கு."

டைக்காரரும் நெளிந்தார். "சார், அம்மா சொல்றது சரிதான். வண்டி அருமையான வண்டி. தூரத்துக்கும் ஆச்சு, ஜாலிக்கும் ஆச்சு. ஆனா உங்க உயரத்துக்கு இது..."

இவனும் மறைக்கிறான்! பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறான். கறார் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ரெண்டும் மேலே வந்து ஹேண்டில்பாரில் இடித்தன. நாடியை ஒரு முழங்காலில் முட்டுக் கொடுத்துக்கொண்டு தூங்கலாம்.

"எப்படி சார் இருக்கு?"

"வசதியா இருக்கு," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

"இதுதான் வேணும்!"

விலையில் டைக்காரர் ஒரு பைசா இறங்கவில்லை. கறார் கத்தினார். மேசையைத் தட்டினார். வாசல் வரைக்கும் போய் மூன்று தடவை திரும்பி வந்தார். நாலாவது தடவை அவர் போனபோது டைக்காரர் தேநீர் குடிக்கவே போய்விட்டார். கறாருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. விலை இறங்காவிட்டால் போகட்டும், மேற்கொண்டு எதையாவது பிடுங்காமல் படி இறங்கக்கூடாது.

"ரெண்டு பக்கமும் சாமான் பெட்டி மாட்டிக் குடு. சும்மா!"

"சரி சார்."

"ஹெல்மெட் ஒண்ணு குடுக்கறியே, ரெண்டாக் குடு."

"இன்னொண்ணு சின்ன அளவுதான் சார் இருக்கு. உங்க தலைக்குச் சேராது."

"பாவங்க அவரு, விடுங்க," என்றாள் வீட்டுக்காரி. "நமக்கு எதுக்கு இன்னொரு ஹெல்மெட்?"

அது போதாதா? "சின்னதா இருந்தா உனக்கென்ன? குடுய்யா அதை!" என்று மல்லுக்கு நின்று வாங்கினார். வண்டியைக் கடைப் பையன் ஓட்டி வந்து விட, இவர் ஆட்டோவில் வீடு வரைக்கும் ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டே வந்தார், ஜெயித்த கோப்பை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மலைப் பயணம். தன்னந்தனியாக. கையுறை மாட்டி, ஹெல்மெட்டுக்குள் தலையைத் திணித்து, வாசலில் நின்று வீட்டுக்காரியை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம்கூட இருந்தது.

"வரட்டுமா?"

"நிதானமா போயிட்டு வாங்க."

தெருமுனை வரைக்கும்தான் போனார். இடது பக்கம் திரும்பினால் இடது முழங்கால் ஹாரனை அழுத்தியது. நேரே போனாலும் அழுத்தியது. தெருவே ஜன்னலுக்கு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தது. முனையில் வண்டியைத் திருப்பும்போது தொடையில் நரம்பு சுண்டி இழுத்தது பாருங்கள், கால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்து, வாசலில் இறங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றார்.

கதவு திறந்தது. வீட்டுக்காரி வந்தாள். பேன்ட், ஷூ, கையில் அந்தச் சின்ன ஹெல்மெட். துணி மூட்டைகளை ரெண்டு பெட்டியிலும் அழுத்தி வைத்து மூடினாள். கச்சிதமாக அடங்கின. ஹெல்மெட்டை மாட்டினாள். அதுவும் கச்சிதம்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

அவளே எடுத்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். பாதம் ரெண்டும் முழுசாகத் தரையில் பதிந்தன. கிளட்ச்சைப் பிடித்து, கியரைத் தட்டி, தெருவில் ஒரு வட்டம் அடித்து, அவர் மூக்குக்கு நேரே வந்து நிறுத்தினாள். ஒரு ஹாரன் சத்தம் இல்லை.

"நீ... எப்படி... எங்க கத்துக்கிட்டே?"

"எங்க அக்கா வண்டியில. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போவேனே."

"அக்காவுக்குத் தலைவலின்னு சொல்லித்தானே போவே?"

"நான் ஓட்டறதைப் பாத்துத்தாங்க அவளுக்குத் தலைவலி."

கறாருக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. "திட்டம்! எல்லாம் திட்டம்! இந்த வண்டியை என் தலையில கட்டினதே நீதான்!"

"நானா? வேணாம் வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்! கடையே சாட்சி. அந்தப் பெரிய வண்டியைத்தானே உங்களுக்குன்னே செஞ்சதுன்னு சொன்னேன்? உண்மையைத்தான் சொன்னேன். இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்க." மதிலைப் பிடித்து நின்றவரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னும் அப்படியேதான் நிக்கறீங்க."

கறார் மடங்கின காலைக் கீழே வைக்கப் பார்த்தார். அது சம்மதிக்கவில்லை. அவள் பேச்சையும் எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கியது. அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லையே! பொய் இருந்தால் அல்லவா பேரம் பேசலாம்?

"இப்ப எங்க போறே?" என்றார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"மலைக்கு. அடிவாரத்துல புதுசா ஒரு தங்கும் விடுதி கட்டியிருக்காங்க. எல்லா ஜன்னலுக்கும் திரை என் பொறுப்பு. இனிமே வாரா வாரம் போகணும்."

"அது என் மலை!"

"வாங்களேன். நான் ஜன்னல் அளக்கற வரைக்கும் பாறையில உக்காந்துட்டு இருங்க. ஒரு பய விலை கேக்க மாட்டான்."

கறார் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். மெள்ளக் காலை நீட்டி, நொண்டி நொண்டி வந்து, பின் சீட்டில் ஏறினார். அங்கே கால் வைக்க இடம் தாராளமாக இருந்தது. அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. அவள் நீளமான திரைக் கம்பி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். ஈட்டி பிடித்த சேவகன் மாதிரி அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

பொறுக்க முடியவில்லை அவருக்கு. "ஏய்! தெருவே பாக்க என்னை உக்கார வச்சு ஓட்டறியா நீ?"

"வண்டியைத்தாங்க ஓட்டறேன்," என்றாள் அவள், கியரைத் தட்டிக்கொண்டே. "நீங்க கொசுறு."