நீலசாமியின் கைராசி

கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பதையே விட்டுவிட்டார்கள். நீலசாமி கொட்டகைக்குத்தான் வழி கேட்டார்கள். மஞ்சள்காமாலைக்காக நீல விளக்கின் கீழ் கிடந்த பச்சைக் குழந்தைகளை, விளக்கில் இருக்கும் பேய் பிடித்துக்கொள்கிறதாம். சாமி தொட்டால் ஓடிவிடுமாம். கரண்டு போனால் அந்தப் பேய் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூவும் பழமும் வெள்ளிக் கொலுசுமாக வரிசையில் நின்றார்கள்.

சுமலதாவும் நின்றாள், பிறந்து ஆறு நாளான மகளோடு. இரண்டு நாள் விளக்கில் கிடந்து, மஞ்சள் இறங்கி வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் காலையிலிருந்து கைகால் வெடவெடவென்று நடுங்கின. அப்படி நடுங்கினால் உடனே கூட்டி வரச் சொல்லித்தான் நர்ஸ் அனுப்பியிருந்தார். ஆனால் புருஷன் பலராமன் தன் ஆட்டோவைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டான். அஞ்சு நிமிஷ வேலைதானாம்.

சாமி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொன்னார். நடுக்கம் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்கக் கூடாது, மூன்று வெள்ளிக்கிழமை இங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாமி கையை விட்டார். நடுக்கம் திரும்பி வந்தது.

சுமலதா பிள்ளையின் கையையே பார்த்தாள். காலையில் தான் கையைப் பிடித்தபோதும் நடுக்கம் நின்றதே! அவள் மந்திரம் ஒன்றும் சொல்லவில்லையே.

"சாமி, இந்தத் தபா கையத் தொடாம சொல்லுங்க" என்றாள்.

சாமி முறைத்தார். கூட்டத்துக்கும் அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சொன்னார். தொண்டை கிழியச் சொன்னார். பிள்ளை பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. சுமலதா குனிந்து, இரண்டு விரலால் மெல்லக் கையைப் பிடித்தாள். நின்றது.

"அப்போ நானும் சாமிதான்."

வரிசையில் முன்னால் நின்ற பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே காணிக்கைத் தட்டிலிருந்த தன் கொலுசை எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சாமிக்கு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போக வேண்டியிருந்தது. போனவர் வரவே இல்லை.

பலராமன் ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விட்டான். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. விளக்கில் வைத்தால் சில குழந்தைகளுக்கு அப்படிக் குறையும். அதற்குப் பயந்து விளக்கே வேண்டாம் என்றால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடும் என்றார். கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மறுநாள் பிள்ளை நடுக்கமில்லாமல் பால் குடித்தது.

நீலசாமி இப்போது நோணாங்குப்பம் பக்கம் கொட்டகை போடுகிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கழுத்துக்கு மேலே இருப்பதை மட்டும் தேங்காய் என்று நினைத்து அங்கே உடைத்துவிட்டு வராதீர்கள்.