ஜெபஷீலாவைப் பந்துக்குக் கேட்டு வந்தது பற்றி

போடி,
செவ்வாய்க்கிழமை.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய சாராள் அக்காவுக்கு,

தம்பி விஜய்ராஜ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் இவாஞ்சலினும் ஜவுளிக்கடையும் என் முழங்கால் வலியும் சுகமாக இருக்கிறோம். ஆண்டிபட்டியில் நீங்களும் மாமாவும் நலமாகவும், மாமாவின் சர்க்கரை அளவாகவும் இருக்க ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கு மீதி மறந்துபோகும்.

விஷயம் இதுதான். நம் ஜெபஷீலாவைக் கூடைப்பந்து விளையாடக் கேட்டு வந்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. தேனியில் நடந்த பள்ளிப் போட்டியில் இவளைப் பார்த்தார்களாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பல வருஷம் ஜெபித்துப் பெற்ற ஒரே பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு வீட்டில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் பந்தைத் தரையில் தட்டுகிறாள், அதுதான் பதில். அவள் மதிப்பது உங்களை ஒருவரைத்தான். நீங்கள் சனிக்கிழமை வந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நடந்ததைக் கேளுங்கள். போன சனிக்கிழமை கோச் பாண்டியராஜனும் அவர் மனைவி தேவயானியும் வந்தார்கள். அந்த அம்மாவும் பழைய ஆட்டக்காரிதான். இரண்டு பேரும் நம் வாசல் நிலையில் குனிந்து நுழைந்ததைத் தெருவே பார்த்துவிட்டது. இவாஞ்சலின் பழக்கதோஷத்தில் கேசரி கிண்டி பஜ்ஜியும் போட்டுவிட்டாள், பிள்ளையும் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றது. அவர்கள் கேட்டதும் அப்படியே. நன்றாகச் சாப்பிடுவாளா, நேரத்துக்குத் தூங்குவாளா, கோபம் வருமா, இந்த உயரம் அப்பா வழியா அம்மா வழியா? கடைசிக் கேள்வியை, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு கோச்சே வாபஸ் வாங்கிக்கொண்டார். கையை விரித்து அளக்க வேண்டுமென்றார், டேப் கொண்டுவரவில்லை. கீழே கடையிலிருந்து மீட்டர் கோலை எடுத்துவந்து நானே அளந்தேன். துணி அளக்கிற பழக்கத்தில் கடைசியில் நாலு விரல் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது, கோச் மிகவும் சந்தோஷப்பட்டார்.

பிறகு, "இவ இடது கையைத் தலைக்கு மேல வளைச்சுப் போடுறாளே, இப்ப யாரும் அப்படிப் போடுறதில்லையே, யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், நீங்கள் எப்படிப் போடுவீர்கள் என்று காட்டினேன். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து முத்துராஜா அண்ணாச்சியின் ஏலக்காய்க் களத்தில் விழுந்தது. பெரிய காய், நடுத்தரம், பொடி என்று பெண்கள் காலையிலிருந்து பிரித்துவைத்த குவியல்கள் அத்தனையும் ஒன்றாகிவிட்டன.

"ஏலே விஜய்ராஜு, பொம்பளையாளுக குறுக்கு ஒடியப் பொறுக்குனது. இப்ப நீயா வந்து பிரிப்ப?" என்றார் அண்ணாச்சி.

நான்தான் பிரித்தேன். நான், ஜெபஷீலா, கோச், தேவயானியம்மா எல்லோரும் களத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பிரித்தோம். கோச் எதை எடுத்தாலும் பெரிய காய்ப் பக்கமே போட்டார்.

களத்தில் வேலை பார்க்கும் சுப்புத்தாய் என் காதருகில் வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரக நல்ல ஒசரமா இருக்காக. பெருமை பாக்காம வேலையும் செய்றாக. பேசாம முடிச்சிருங்க" என்றாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் என் கையைக் குலுக்கி, பையனுக்கு என்ன உத்தியோகம் என்று விசாரித்தார்.

காய் பிரித்துக்கொண்டே கோச்சிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மதுரையிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் உங்களையும் இப்படித்தான் கேட்டு வந்தார்கள். "கால் தெரிய டவுசர் போட்டு எம்மக ஓட வேணாம்" என்று அப்பா ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். நீங்களும் மறுபேச்சில்லாமல் டீச்சர் டிரெயினிங் போனீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்து நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? அதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

சர்ச் காம்பவுண்டில் அந்தத் துருப்பிடித்த வளையம் ஞாபகம் இருக்கிறதா? தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். என் முறை எப்போது என்று கேட்டால், "இன்னும் ஒரே ஒண்ணுடா" என்பீர்கள். அந்த ஒன்று இருட்டும்வரை முடியாது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவார்கள், என் முறை நாளைக்குப் போய்விடும். அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. ஆனால் அது வேறு, இது வேறு. தவறாமல் வந்து சேருங்கள்.

உங்களையும் மாமாவையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

சொன்ன பேச்சு கேட்கும் தம்பி,
விஜய்ராஜ்

பின்குறிப்பு: இன்று வெள்ளி. தபாலில் போட மனம் வராமல் இதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவர சர்ச் காம்பவுண்டுக்குப் போனேன். தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பந்து என் காலடிக்கு வந்தது, எடுத்துக் கொடுத்தேன். திரும்ப வந்தது, திரும்பக் கொடுத்தேன். எனக்கு ஒரு தடவை கொடு என்று கேட்டுப் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒண்ணுப்பா" என்றாள். இந்த வாரத்தில் என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான் அக்கா. உன் இடது கை, உன் பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கு என்று இவாஞ்சலினிடம் சொன்னேன். கேசரி கிண்டிய அன்றே இறக்கித் துணியெல்லாம் அடுக்கிவிட்டாளாம்.

ஆகவே நான் சொல்லச் சொன்ன வார்த்தையைச் சொல்ல வேண்டாம். ஆனால் நீ வர வேண்டும். தபால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்று கண்டக்டர் சுருளிவேலிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயம்புத்தூர் புறப்படுகிறோம், உனக்கும் பஸ்ஸில் இடம் போட்டாயிற்று. கோச்சுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொல்லிவிட்டேன், அவர் உன்னையும் பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே நாலு வளையமாம். ஒன்றில் நீ போடு, ஒன்றில் அவள் போடட்டும். ஒன்றையாவது எனக்கு விட்டுவிடுங்கள்.