சேவலைத் திரும்ப எழுப்பத் தெரியாத கமாண்ட்

அன்பும் கோபமும் நிறைந்த என் பேத்தி சிவரஞ்சனிக்கு, வட்டவடையிலிருந்து உன் அம்மாச்சி சின்னத்தாய் வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் நலம், மாடும் நலம், பூண்டும் நன்றாக விளைந்திருக்கிறது. சேவல் மட்டும் நலமாக இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை நீ வந்திருந்தபோது, எறணாகுளத்து ஆபீசில் அப்படி என்னதான்டி வேலை என்று கேட்டேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. வெப் பக்கத்தில் ஒருவர் பட்டனை அமுக்கினால், எங்கேயோ தூரத்தில் இருக்கும் மிஷின் பதில் சொல்லும்வரை அந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, பதில் வந்தால் என்ன செய்வது, வராவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கும். கொண்டுபோகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டியதில்லை, 'செய்' என்றால் போதும். அதற்குப் பெயர் கமாண்ட். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இது புரிந்துவிட்டதே என்று நீயே மூக்கின்மேல் விரல் வைத்தாய். நான் சும்மா இருப்பேனா? என் பேத்தி கமாண்ட் கொடுக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். பட்டாளத்தில் இருந்து வந்த அழகுமலை, "எந்த ரெஜிமென்ட்டு ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, நீ வந்தால் சல்யூட் வைக்க வேண்டுமென்று சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறான்.

ஓணத்துக்கும் நீ வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. நம் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் ஜீப் ஓட்டும் சுவக்கீனிடம் நானும் ஒரு கமாண்ட் எழுதிக் கொடுத்தேன். 'மூணாறு போனதும் ரஞ்சனிக்குப் போன் போடு. எப்போது வருகிறாய் என்று கேள். எடுக்காவிட்டால் மறுபடி போடு. வருகிறேன் என்றால் சேவலை அடி, அக்கம்பக்கம் சொல்லு.' எத்தனை தடவை போடுவதென்று நான் எழுதவில்லை, அவனும் கேட்கவில்லை. நீ மீட்டிங்கில் இருக்க இருக்க அவன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நீ சொன்னபடி நான் காத்து நிற்கவில்லை, என் வேலையைத்தான் பார்த்தேன். கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உன் வெப் பக்கத்துக்குக் காது இல்லை போலிருக்கிறது. எனக்கு இருக்கிறதே. வளைவில் எந்த ஜீப் ஹாரன் அடித்தாலும் கை நின்றுவிடுகிறது.

சாயங்காலம் கத்திக்கொண்டே வந்தான். "ஆத்தா! ரஞ்சனி வருதாம்! எப்ப வர்றன்னு கேட்டேன். 'வராம், வராம்'னு ரெண்டு தடவ சொல்லிச்சு!"

பிறகென்ன, சேவல் சட்டிக்குள் போயிற்று. அழகுமலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கடைசி ஜீப்பும் நீ இல்லாமல் வந்தது. பக்கத்து வீட்டு ராமலட்சுமி குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏங்க்கா, பேத்தி ஜீப்புல வருதா, இல்ல கம்ப்யூட்டருக்குள்ள இருந்து எறங்கி வருதா?" என்று கேட்டாள். அவள் இலையில் இன்னும் ஒரு துண்டு வைத்து வாயை அடைத்தேன்.

மறுநாள் நீ சுவக்கீனைக் கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆபீஸ் கேட்டில் நிற்கும் கூரியர்காரன் என்று நினைத்து, இதோ கேட்டுக்கு வருகிறேன் என்று அவனிடம் சொன்னாயாம். மலையாளத்தில் வராம் என்றால் வருகிறேன். நம் பேச்சில் வராம என்றால் வராமல். ஒரே வாயில் இரண்டையும் எப்படியடி சொன்னாய்?

கொடுத்த கமாண்டைத் திரும்பப் பெறலாம், முடிந்ததையும் பழையபடி ஆக்கலாம் என்று நீ சொல்லியிருந்ததால் சுவக்கீனிடம் கேட்டேன். "ரத்துன்னு சீட்டு குடு ஆத்தா, கொண்டு போறேன். ஆனா சேவலு நம்ம எல்லாரு வயித்துக்குள்ளயும் போயிருச்சே!" என்கிறான்.

ஆகவே கோபப்படாதே. உன் வேலை பெரிய வேலை. அதை விட்டுவிட்டு வர வேண்டாம். நான் ஒன்றும் வழி பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. பதினாறும் பெற்று நூறாண்டு இரு.

இப்படிக்கு,
உன் அம்மாச்சி
சின்னத்தாய்

பின்குறிப்பு: வழி பார்க்கவில்லை என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இந்தக் கடிதத்தோடு சுவக்கீன் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு உன் ஆபீஸ் வாசலுக்கே வந்திருக்கிறான். எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டான். கேட்டால் நீ வராம் என்பாய். முன்சீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். நீ ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் சீட்டில் எழுதிவிட்டேன். ஏறாவிட்டால் என்ன செய்வதென்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை ரஞ்சனி.