பல் இடறாத ஊர்கள்

அமெரிக்காவில் அடுத்ததாக எந்த ஊருக்குச் சனம் அள்ளுண்டு போகும் என்பதை, அந்த நாட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் லண்டனின் எட்மண்டனில், ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில், பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பிளாஸ்டரில் தாடை அச்சு வார்த்துக் கொடுப்பவன் நான்.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எல்லோரும் அழைத்தது மிசிசிப்பி அண்ணை. புதிதாகப் பல்செட் மாட்டியவர்களை அவர் ‘மிசிசிப்பி’ என்று சொல்லவைப்பார். சொல்லும்போது விசில் வந்தால் பல்லை இன்னும் கொஞ்சம் அரைக்க வேண்டும். நாள் முழுக்கச் சைப்பிரஸ் கிழவர்களும் ஜமேக்கா மூதாட்டிகளும் எங்கள் கதிரையில் இருந்தபடியே அந்த ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே ஆற்றைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அண்ணை மற்ற ஊர்களுக்கும் புறப்பட்டார். அங்கேதான் அவருடைய தத்துவம் பிறந்தது.

“வயசு போனபிறகுதான் தம்பி சனம் நல்ல ஊர் தேடும். டாக்ஸிக்காரனுக்கு விலாசம் சொல்ல ஏலாத ஊரில ஆர் வீடு வாங்குவான்?”

ஆகவே, பல்லில்லாமல் சொல்லக்கூடிய ஊர்தான் எதிர்காலத்து ஊர். தன் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வோர் ஊராகச் சொல்லிப் பார்ப்பார். சின்சினாட்டி காற்றாகப் போனது. சான் பிரான்சிஸ்கோ எச்சிலாகப் போனது; அந்த ஊர் முடிந்தது என்று அறிவித்துவிட்டு மேசையைத் துடைத்தார். டல்சாவுக்கு அரைவாசிப் பல் போதும் என்பதால், அதைக் கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்க்கலாம்.

முதலிடம் ஒமாஹாவுக்கு.

“ஓம் எண்டு தொடங்கி ஆகா எண்டு முடியுது. பல்லுக்கு வேலையே இல்லை. கைக்குழந்தையும் சொல்லும், சாகப்போறவனும் சொல்லுவான்.”

மழை தூறும் பின்னேரங்களில், பல் பதிக்கும் இளஞ்சிவப்பு மெழுகு உருகும் மணத்தோடு ஒமாஹா எங்கள் அறைக்குள் வரும். அங்கே தெருக்கள் அவ்வளவு அகலமாம், எதிர்வீட்டுக்காரருக்குக் காலையில் கை காட்டினால் மத்தியானம்தான் அவர் திருப்பிக் காட்டுவாராம். சோளக்காட்டின் மேல் வெயில் அவசரமில்லாமல் இறங்கி, யாரையும் எழுப்பாமல் படுத்துக்கொள்ளுமாம். நான் பிளாஸ்டர் கரைப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது கரண்டியோடு சேர்ந்து இறுகிவிடும்.

கனவு காண்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. போவதுதான் கஷ்டம்.

தாதியாக இருக்கும் என் மனைவிக்கு அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று கேட்டேன். ஒமாஹா என்றாள். நான் தேநீரை மூக்கால் குடித்தேன்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள மறுமொழி குடுக்க வேணும். நீங்கள் ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் விடுவம்” என்றாள், உடுப்பு மடித்துக்கொண்டே.

வெளியே பகிடி விட்டுத் திரிந்தேன். உள்ளே பயந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி, ஜெர்மனியிலிருந்து லண்டன். ஒவ்வோர் ஊரிலும் வழி தெரியாமல் நின்று, பாஷை விளங்காத இடத்திலெல்லாம் சிரித்து, ஒருமாதிரி இந்தத் தெருவில் நாலு பேர் என்னைக் கண்டால் தலையாட்டும் நிலைக்கு வந்திருந்தேன். இன்னொரு தடவை தொலைந்துபோகிற வயதில்லை எனக்கு. அந்த வாரம் நான் வார்த்த தாடைகளெல்லாம் ஒருபக்கமாகச் சிரித்தன. குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று ஒமாஹா சொல்லிப் பழகினேன். ‘ஓம்’ வந்தது. ‘ஆகா’ வரவில்லை.

வியாழக்கிழமை அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் சொன்ன ஊருக்கு உண்மையிலேயே போகப்போகும் முதல் ஆள் நான்தானே.

அவர் மேல்செட்டைக் கழற்றினார். கண்ணை மூடி ஒமாஹா என்றார். இன்னொரு முறையும் சொன்னார். பிறகு செட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சரிவராது தம்பி. பல்லு இடறுது.”

“அண்ணை, ஒமாஹாவில பல்லுப் படுற எழுத்தே இல்லையே.”

“இடறுது எண்டு சொல்லுறன்.”

டல்சா எப்படி என்று கேட்டேன். அதுவும் இடறியது. ஒரே பின்னேரத்தில் அமெரிக்கா முழுவதும் மனிதர் வசிக்க முடியாத நாடாகிவிட்டது. சோளக்காட்டு வெயில் கண்ணுக்குக் கூடாதாம். தெருவாவது நல்ல தெரு அல்லவா என்றேன்.

“அவ்வளவு அகலமான தெருவில ஆர் ஐசே உம்மட பகிடியைக் கேக்கிறது?”

வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்றேன். மனைவி காரணம் கேட்டாள். பல் இடறுகிறதாம் என்றேன். ஆருக்கு என்றாள். பிறகு, தனக்கும் திரும்பச் சூட்கேஸ் தூக்க அலுப்பாகத்தான் இருந்தது என்று சொல்லி, மறுமொழியை எழுத உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலை, நாங்கள் போகவில்லை என்று அண்ணையிடம் சொன்னேன். அப்படியோ என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பல் அரைக்கும் இயந்திரத்தைப் போட்டார். அது பெருஞ்சத்தத்தோடு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையில் பல் ஒன்றும் இருக்கவில்லை.